கதையக்காவின் கடைவாய்ப் பல்

அந்த கிளினிக்கில் பல் பிடுங்கிக்கொண்டு போனவர்களில் பாதிப் பேருக்கு டாக்டரின் முகம் ஞாபகம் இருக்காது. கதையக்காவை மட்டும் யாரும் மறந்ததில்லை. அவள் டாக்டரின் உதவியாளர். செருப்புக்கடைக்கு மேல் மாடியில் இருந்த அந்தச் சின்ன இடத்தில் கருவிகளைச் சுத்தம் செய்வது, எச்சில் உறிஞ்சும் குழாயைப் பிடிப்பது, பஞ்சு சுருட்டி வைப்பது எல்லாம் அவள் வேலை என்று பெயர். உண்மையில் அவளுடைய வேலை பேசுவது.

டாக்டருக்குக் கை பேசும், வாய் பேசாது. "வாயத் திறங்க", "கொப்பளிங்க" இரண்டையும் தாண்டி அவர் மூன்றாவதாக ஏதாவது சொல்லிவிட்டால் அன்றைக்கு மழை நிச்சயம் என்று கீழே செருப்புக்கடையில் கேலி செய்வார்கள். நாற்காலியில் சாய்ந்து கிடக்கிறவருக்கோ ஏற்கெனவே பாதி உயிர் போயிருக்கும். ஒருமுறை மலை மாதிரி ஒரு போலீஸ்காரர் ஊசியைக் கண்டதும் நாற்காலியிலிருந்து குதித்து வாசல்வரை போய்விட்டார். அவரை நிறுத்துவதற்கு வாயில் வந்ததைச் சொன்னாள் அக்கா. "போறதுன்னா போங்க சார். ஆனா எங்க வீட்டுக்காரர் நேத்து என்ன பண்ணினார்னு கேட்டுட்டுப் போங்க." போலீஸ்காரர் நின்றார், கேட்டார், திரும்பி வந்து உட்கார்ந்தார். கதை முடிவதற்குள் பல் தட்டில் கிடந்தது.

அன்று தொடங்கியதுதான். வருஷக்கணக்கில் அதுவே அந்த கிளினிக்கின் முறையாகிவிட்டது. ஊசி போட்டு வாய் மரத்துப்போகிறவரை அக்கா கதையை ஆற அமர நடத்துவாள். டாக்டர் பல்லை அசைக்கத் தொடங்கும்போது கதை சூடு பிடிக்கும். முடிவுக்கு ஒரு வாக்கியம் பாக்கி இருக்கையில் சட்டென்று நிறுத்திவிடுவாள். படுத்திருப்பவர் மூச்சைப் பிடித்துக்கொண்டு அவள் வாயையே பார்ப்பார். அந்த நேரம் பார்த்து டாக்டரின் கை ஒரு திருப்பு திருப்பும். பஞ்சை வைத்துக் கடிக்கச் சொல்லிவிட்டுத்தான் அக்கா முடிவைச் சொல்வாள். சிரிக்கவும் முடியாமல், சிரிக்காமல் இருக்கவும் முடியாமல் அவர்கள் படும் பாட்டைப் பார்க்க வேண்டுமே.

எல்லாக் கதைக்கும் கதாநாயகன் ஒருவர்தான். அவளுடைய வீட்டுக்காரர். வெளியே அவர் லிப்ட் மெக்கானிக், நகரத்தில் பாதிக் கட்டடங்களின் லிப்ட் அவர் பொறுப்பில் இருந்தது. கதையில் அவர் சரியான அசடு. மாடி மாறி இறங்கி, மேல்வீட்டுக்குள் நுழைந்து, ஷூவைக் கழற்றி ஓரமாக வைத்து, சோபாவில் சாய்ந்து "தண்ணி கொண்டா" என்பார். மேல்வீட்டு அம்மாவும் என்ன ஏது என்று புரியாமல் கொண்டுவந்து கொடுப்பாள். குடித்துவிட்டு, "இன்னைக்கு ஏன் தண்ணி ஒரு மாதிரி இருக்கு" என்று குறை வேறு. கடைசியில் அந்த வீட்டு மனிதர் வேலையிலிருந்து வந்து, இவர் பக்கத்தில் உட்கார்ந்து, அவரும் தண்ணீர் கேட்பார். அந்த இடத்தில் எத்தனையோ பற்கள் விழுந்திருக்கின்றன.

உண்மையில் நடந்தது என்ன என்றால், ஒரு நாள் அவர் தவறுதலாக மேல்வீட்டு மணியை அடித்துவிட்டு, கதவு திறந்ததும் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு இறங்கி வந்தார். அவ்வளவுதான். மிச்சமெல்லாம் அக்காவின் கைவரிசை.

அவரோ கேலி பொறுக்காத மனிதர். கோபக்காரர் இல்லை, சத்தம் போட மாட்டார், உள்ளுக்குள் சுருங்கிப்போகிற ஜாதி. அவருடைய தம்பி மனைவி ஒரு நாள் அவர் போட்டிருந்த புதுச் சட்டையைப் பார்த்து, "என்ன மாமா, இன்னைக்கு மாப்பிள்ளை மாதிரி இருக்கீங்க" என்று சொல்லிவிட்டாள். பாசத்தில் சொன்னதுதான். அந்தச் சட்டை அதற்கப்புறம் அலமாரியை விட்டு வெளியே வரவில்லை. அப்படிப்பட்டவரைத் தெரியாத ஜனங்களுக்கு முன்னால் கோமாளியாக நிறுத்திக்கொண்டிருப்பது அக்காவுக்குத் தெரியாதா என்ன? தெரியும். அதனால்தான் அவரை கிளினிக் பக்கமே வர விடாமல் பார்த்துக்கொண்டாள். இடம் சின்னது என்பாள், டாக்டருக்கு ஆள் வந்தால் பிடிக்காது என்பாள். ஒருமுறை அவரே, "உங்க கிளினிக்ல பேன் சத்தம் போடுதுன்னியே, வந்து பாக்கட்டுமா" என்று கேட்டபோது, அந்தப் பேன் தானாகவே சரியாகிவிட்டது என்று கூசாமல் சொன்னாள்.

இப்படி இருக்கும்போதுதான் அவளுடைய கடைவாய்ப் பல் பிளந்தது. கொஞ்ச நாள் ஒரு பக்கமாகவே மென்று காலம் தள்ளினாள். கன்னம் வீங்கியதும் டாக்டர் கண்டுபிடித்துவிட்டார். நாற்காலியில் உட்கார வைத்து, விளக்கைத் திருப்பிப் பார்த்து, "எடுத்துடணும்" என்றார். அடுத்ததாக, "கூட யாரு வருவாங்க?" என்றார்.

பல் பிடுங்கியவர் தனியாக வீட்டுக்குப் போகக் கூடாது என்பது அங்கே சட்டம். சட்டம் டாக்டருடையது என்றாலும் அதற்குக் காவல் அக்காதான். கூட ஆள் இல்லாமல் வந்த பெரிய பெரிய ஆட்களையெல்லாம் ஈவிரக்கமில்லாமல் திருப்பி அனுப்பியவள் அவள். இப்போது தனக்கு மட்டும் விலக்கு கேட்க வாய் வரவில்லை. தங்கையைக் கூப்பிட்டாள். தங்கை சரி என்றாள், பல் எடுக்கும் நாள் காலையில் பிள்ளைக்குக் காய்ச்சல் என்று கைவிரித்தாள். பக்கத்தில் பூட்ஸ் நாடாவைக் கட்டிக்கொண்டிருந்த வீட்டுக்காரர் தலையைத் தூக்கி, "நான் எதுக்கு இருக்கேன்?" என்றார்.

கடைசி ஆளாக, கூட்டம் போன பிறகு நாற்காலியில் ஏறுவது என்று திட்டம் போட்டுக்கொண்டாள். சாயங்காலம் அவர் துவைத்த சட்டையும் வாரிய தலையுமாக மாடிப்படி ஏறி வந்தபோது காத்திருக்கும் அறை காலியாகத்தான் இருந்தது. அக்காவுக்கு மூச்சு வந்தது. உள்ளே போய்ச் சாய்ந்து படுத்தாள். டாக்டர் ஊசி போட்டார். எறும்பு கடித்த மாதிரி இருக்கும் என்று ஊருக்கெல்லாம் சொன்னவள், எறும்பு கொஞ்சம் பெரிய எறும்புதான் என்று தெரிந்துகொண்டாள். உதடு தடித்து, கன்னம் அடுத்தவர் கன்னம் போல ஆனது. சரியாக அந்த நேரத்தில் வெளியே படிக்கட்டில் செருப்புச் சத்தம் கேட்டது.

தையல்காரர். புதிதாகக் கட்டிய பல்செட் ஈறில் குத்துகிறது என்று காட்ட வந்திருந்தார். காத்திருக்கும் அறைக்கும் உள்ளறைக்கும் நடுவே இருந்தது பாதி உயரக் கண்ணாடித் தடுப்புதான். அங்கே தும்மினால் இங்கே கேட்கும்.

"அக்கா இல்லையா?" என்றார் தையல்காரர்.

"உள்ள இருக்கா. அவளுக்குத்தான் இன்னைக்குப் பல் எடுக்கறாங்க. நான் அவ வீட்டுக்காரர்."

தையல்காரர் எழுந்து நின்றிருக்க வேண்டும், நாற்காலி கிறீச்சிட்டது. "நீங்களா? அந்த மேல்வீட்டுத் தண்ணிக்காரர் நீங்களா? ஐயா, உங்களப் பாக்கணும்னு எத்தன நாள் ஆசை தெரியுமா. எனக்கு மொத்தப் பல்லும் உங்க புண்ணியத்துலதாங்க வெளிய வந்துச்சு. பஸ்ஸுக்குப் பின்னாடி குடைய எடுத்துட்டு ஓடினீங்களே, அதுக்கு மேல்பல் ரெண்டு. சலூன்ல அடுத்தவர் செருப்ப மாத்திப் போட்டுட்டு வந்தீங்களே, அதுக்கு இந்தக் கோரைப்பல்."

அக்கா எழுந்திருக்கப் பார்த்தாள். டாக்டர் தோளில் கை வைத்து அழுத்தினார். ஏதாவது சொல்லிச் சமாளிக்கலாம் என்றால் நாக்கு பாதி தூங்கிக்கொண்டிருந்தது. இத்தனை வருஷம் வாயால் பிழைத்தவளுக்கு வேண்டிய நேரத்தில் வாய் இல்லை. வீட்டுக்காரர் எழுந்து படியிறங்கிப் போய்விடுவார் என்று காதைத் தீட்டிக்கொண்டு கிடந்தாள். போனால்கூடப் பரவாயில்லை, போய் வீட்டில் ஒன்றுமே பேசாமல் உட்கார்ந்துகொள்வாரே, அதை எப்படித் தாங்குவது?

"அதெல்லாம் அவ சொன்னாளா?" என்ற அவர் குரல் கேட்டது.

"பின்ன? இங்க வர்றவங்க யாருக்குத் தெரியாது? எல்லாம் நெசந்தானே?"

அக்கா கண்ணை மூடிக்கொண்டாள்.

"ஆமா" என்றார் அவர். "எல்லாம் நெசந்தான்."

இங்கே உள்ளே இன்னொரு வம்பு. மரத்துப்போய்விட்டதா என்று தட்டிப் பார்த்துவிட்டு, டாக்டர் இடுக்கியை எடுத்துப் பல்லைப் பிடித்தார். மெல்ல அசைத்தார். நிறுத்தினார். மறுபடி அசைத்தார். கதை எங்கே சூடு பிடிக்கிறது, எங்கே நிற்கிறது என்று காது பார்த்து வேலை செய்து பழகிய கை அது. பேச்சு இல்லாத அறையில் அதற்குத் திருப்ப வேண்டிய நேரம் தெரியவில்லை. அவர் நெற்றியில் வியர்வை. அக்காவும் கையை இறுக்கிக்கொண்டு விறைத்துக் கிடந்தாள். கடைசியில் டாக்டர் அவள் வாழ்நாளிலேயே கேட்டிராத நீளத்துக்குப் பேசினார். "நீங்க பேசாம எனக்குக் கை வர மாட்டேங்குது. இவ்வளவு நாள் எப்படிச் செஞ்சேன்னே தெரியல." பிறகு தடுப்புக்கு மேலாக எட்டிப் பார்த்து, "சார், கொஞ்சம் உள்ள வந்து ஏதாவது பேசுங்க" என்றார்.

அவர் வந்தார். அக்கா எப்போதும் நிற்கும் இடத்தில், தட்டுக்குப் பக்கத்தில் நின்றார். விளக்கு வெளிச்சத்தில் கண் கூசியதால் அவளுக்கு அவர் முகம் தெரியவில்லை. சட்டைப் பொத்தான் மட்டும் தெரிந்தது.

"என்ன பேசறது? எனக்குக் கதை சொல்ல வராதே" என்றார்.

"சும்மா உங்களுக்கு நடந்தது எதையாவது சொல்லுங்க" என்றார் டாக்டர்.

அவர் தொண்டையைச் செருமினார். "ஒரு நாள்... ஒரு ஆபீஸ் கட்டடம். லீவு நாள், ஆளே கிடையாது. லிப்ட் பழுது பாத்து முடிச்சுட்டு, சரியா ஓடுதான்னு பாக்க நானே ஏறினேன். ரெண்டு மாடிக்கு நடுவுல நின்னுடுச்சு." தடுப்புக்கு அந்தப் பக்கம் தையல்காரர் 'ஐயோ' என்றார். "கதவு திறக்கல. விளக்கும் போயிடுச்சு. பயமா ஒன்னும் இல்ல, ஆனா அசிங்கமா இருந்துச்சு. மெக்கானிக்கே மாட்டிக்கிட்டான்னா நாளைக்கு என்ன சொல்லுவாங்க?"

பல் அசைவது அவளுக்குத் தெரிந்தது. வலி இல்லை. அழுத்தம் மட்டும்தான் இருக்கும் என்று எல்லோரிடமும் சொல்வாளே, அது சரிதான். ஆனால் சத்தம்? மண்டைக்குள் யாரோ பழைய கட்டிலை நகர்த்துகிற மாதிரி நெறநெறவென்று ஒரு சத்தம் வருமே, அதை அவள் ஒருவரிடமும் சொன்னதில்லை. இனிமேல் சொல்ல வேண்டும் என்று நினைத்தவள், அடுத்த கணமே அதை மறந்து அவர் குரலுக்குக் காது கொடுத்தாள். இந்தக் கதை அவளுக்குத் தெரியாது. இது எப்போது நடந்தது?

"லிப்ட்ல அவசரத்துக்குன்னு ஒரு மணி பட்டன் இருக்கும். அமுக்கினா அதுவே போன் போட்டுடும், சுவத்துல இருக்கற ஸ்பீக்கர்ல பேசலாம். தடவித் தடவிக் கண்டுபிடிச்சு அமுக்கினேன். ரிங் போச்சு. அப்பாடான்னு இருந்துச்சு. யாரோ ஒருத்தர் எடுப்பாரு, காப்பாத்திடுவாருன்னு நெனச்சுட்டு நிக்கறேன்." அவர் நிறுத்தினார். "அப்பப் பாத்து என் பாக்கெட்ல இருக்கற போனும் அடிக்குது."

அக்காவின் கண் அகலத் திறந்தது. விரல்கள் தானாகத் தளர்ந்தன. டாக்டரின் கை ஒரு திருப்பு திருப்பியது.

பல் தட்டில் விழுந்த சத்தம் கேட்டு அவர் தாமே திடுக்கிட்டு வாயை மூடிக்கொண்டார். டாக்டர் பஞ்சை வைத்து, "நல்லா கடிச்சுக்குங்க" என்றார். தையல்காரருக்குத்தான் பொறுக்கவில்லை. "யாருங்க போன்ல?" என்று தடுப்புக்கு மேல் தலையை நீட்டினார்.

"வேற யாரு? அந்தக் கட்டடத்துக்கு அவசர நம்பரே என் நம்பர்தான்" என்றார் அவர் சங்கடத்தோடு. "இருட்டுல அது தோணல. எடுத்து 'ஹலோ, யாரு'ன்னேன். சுவத்துலேருந்து 'ஹலோ, யாரு'ன்னு கேட்டுச்சு. பழக்கதோஷத்துல, 'பயப்படாதீங்க, இதோ வந்துட்டேன்'னு சொல்லிட்டேன். சுவரும் அதையே சொல்லிச்சு."

டாக்டர் சிரித்தார். அவருக்குச் சத்தம் போட்டுச் சிரிக்க வரும் என்பதே அன்றுதான் தெரிந்தது. தையல்காரர் தம் புதுப் பல்செட்டைக் கையால் தாங்கிப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அக்கா பஞ்சைக் கடித்தபடி கண்ணில் நீர் வழியக் குலுங்கினாள். இருந்தாலும் ஓரக்கண் மட்டும் வீட்டுக்காரரிடமே இருந்தது. அவர் சிரிக்கவில்லை. கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார்.

வீட்டுக்குச் செல்பவர்களுக்குச் சொல்ல வேண்டியதையெல்லாம் எப்போதும் அக்காதான் சொல்வாள். டாக்டர் திக்கித் திணறி அதை அவரிடம் ஒப்பித்தார். முக்கால் மணி நேரம் பஞ்சை எடுக்கக் கூடாது, அதுவரை பேசக் கூடாது. நாளை வரை கொப்பளிக்கக் கூடாது, துப்பக் கூடாது, எதையும் உறிஞ்சிக் குடிக்கக் கூடாது. சூடாக ஒன்றும் வேண்டாம். கன்னத்தில் வெளியே ஐஸ் ஒத்தடம். மரமரப்பு போகும் வரை கன்னத்தைக் கடித்துக்கொள்ளாமல் கவனம். எச்சிலில் லேசாக ரத்தம் இருந்தால் பயப்பட வேண்டாம், நிற்காமல் வந்தால் உடனே கூப்பிட வேண்டும். அவர் ஒவ்வொன்றுக்கும் தலையாட்டிக் கேட்டுக்கொண்டார்.

ஸ்கூட்டரில் அவர் முதுகைப் பார்த்தபடி உட்கார்ந்து வந்தாள். முதுகைப் பார்த்து மனதைப் படிக்க யாரால் முடியும்? வழியில் மருந்துக்கடையில் நிறுத்தி மாத்திரை வாங்கினார், பள்ளம் வந்த இடத்திலெல்லாம் வண்டியை மெதுவாக இறக்கினார். ஒரு வார்த்தை பேசவில்லை. அடுத்தவர் முன்னால் விட்டுக்கொடுக்காமல் 'ஆமா' என்று சொல்லிவிட்டார், இனி வீட்டுக்குள் இருக்கிறது கச்சேரி என்று நினைத்துக்கொண்டாள். கேட்டால் காலில் விழுந்தாவது சமாதானம் செய்துவிடலாம். கேட்காமல் இருந்துவிட்டால்?

வீட்டில் அவளைச் சாய்வு நாற்காலியில் உட்கார வைத்து, ஐஸ் கட்டிகளைத் துண்டில் சுற்றிக் கன்னத்தில் வைத்துப் பிடித்துக்கொண்டார். கை ஜில்லிட்டபோது மாற்றிக்கொண்டார். பிறகு அவளைப் பார்க்காமல் துண்டைப் பார்த்தே பேசினார்.

"அந்தத் தையல்காரர் உன்னப் பத்தி நெறையச் சொன்னாரு. நீ வாயத் திறந்தா நேரம் போறதே தெரியாதாம். எனக்கு ஆச்சரியமா இருந்துச்சு. வீட்டுக்கு வந்தா நீ 'சாப்பிட்டீங்களா', 'விளக்க அணைங்க', அவ்வளவுதானே."

அது உண்மை. நாள் முழுக்கப் பேசிவிட்டு வருகிற வாய் வீட்டு வாசலிலேயே ஓய்ந்துவிடும். அது தனக்கு ஓய்வு என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தாள். எதிரே உட்கார்ந்திருப்பவருக்கு அது என்ன என்று யோசித்ததில்லை.

"லிப்ட்ல மாட்டினேன்ல, அன்னைக்கு உனக்குத்தான் முதல்ல போன் பண்ணினேன்" என்றார். "நீ எடுத்த. வேலையா இருக்கேன், அப்புறம் பேசறேன்னு வச்சுட்ட. அப்புறம் மறந்துட்டபோல. உனக்குப் பின்னாடி யாரோ சிரிக்கற சத்தம் கேட்டுச்சு. நாலஞ்சு பேரு, விழுந்து விழுந்து சிரிச்சாங்க. இருட்டுல உக்காந்து அதையே நெனச்சுட்டு இருந்தேன். இவளுக்கு அங்க ஒரு உலகம் இருக்கு, அதுல நமக்கு எடம் இல்லன்னு. ராத்திரி டூட்டி வாட்ச்மேன் வந்து கதவத் திறக்கற வரைக்கும் அதே நெனப்புதான். அன்னைக்கு ராத்திரி ஏன் லேட்டுன்னு கேட்ட. வேலைன்னேன். நீயும் சரின்னுட்ட."

அவர் துண்டைப் பிழிந்து மறுபடி வைத்தார். "இன்னைக்குத்தான் தெரியுது. அவங்க சிரிச்சதே என்ன வச்சுத்தான்." சொல்லிவிட்டுச் சிரித்தார். சந்தோஷமாகத்தான் சிரித்தார். அதைப் பார்த்து அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. கேலி செய்தது தெரிந்தால் மனசு உடைந்துபோவார் என்று பயந்து பயந்து இத்தனை வருஷம் மறைத்தாள். அவரை உடைத்துக்கொண்டிருந்தது வேறு ஒன்று, அது இந்த வீட்டுக்குள்ளேயே இருந்தது.

பஞ்சை எடுக்கும் நேரம் வந்தது. எடுத்தாள், ரத்தம் நின்றிருந்தது. உதடு இன்னும் சொன்னபடி கேட்கவில்லை.

"ஏங்க அன்னைக்கே சொல்லல?"

"நீ கேக்கல."

அவள் அவர் கையிலிருந்த துண்டை வாங்கி மேஜையில் வைத்தாள். "இப்பக் கேக்கறேன். வேற என்னல்லாம் நடந்துச்சு? எனக்குத் தெரியாதது எல்லாத்தையும் சொல்லுங்க. ஒன்னு விடாம."

"எதுக்கு?" என்றார் அவர், குரலில் குறும்பு எட்டிப் பார்த்தது. "கிளினிக்ல பல் பிடுங்கறதுக்கா?"

"இல்லங்க" என்றாள் அவள். "எனக்கு."